கனடா மச்சாள் தேருக்குக் கட்டை போட்ட கதை

எங்கள் அம்மன் கோயில் தேருக்குக் கட்டை போடுகிறவர்களில் நானும் ஒருவன். தேர் இழுத்தவர்களுக்கு இது என்ன வேலை என்று தெரியும். இழுக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னால் சனம் வடத்தைப் பிடித்து இழுக்க, அது தன்பாட்டில் வரும். திரும்ப வேண்டிய இடத்தில், ஒரு பக்கம் சீவிய மரக்கட்டையைச் சில்லுக்கு முன்னால் சரித்து வைக்க வேண்டும். சில்லு அதில் உரசிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பும். நேரே வைத்தால் தேர் நின்றுவிடும். இதற்கு எழுத்து வாசிப்பு தேவையில்லை. அதனால்தான் இந்தப் பதவி எனக்குக் கிடைத்தது.

பதவி என்று சும்மா சொல்லவில்லை. லண்டனுக்கு வந்த நாள் முதல் பெற்றோல் செட்டில் நின்றவன் நான். பம்ப் நம்பர் சொல்லாமல் காசை நீட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தது. அங்கே என்னை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. தேர் அன்று மட்டும் வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு சில்லுக்குப் பக்கத்தில் நிற்பேன். டாக்குத்தர்மாரும் எக்கவுண்டன்ட்மாரும் வடத்தைப் பிடித்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் கையைத் தூக்கினால் இழுப்பார்கள், இறக்கினால் நிற்பார்கள்.

கட்டைகள் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக் கொட்டிலில்தான் இருக்கும், புல்லு வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில். நல்ல ஓக் மரம். ஒருமுறை என் மனைவி அதில் ஒன்றை எடுத்துக் குசினிக் கதவு காற்றுக்கு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். அம்மனின் சாமானைத் தொடாதே என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு எனக்குச் சோறு வந்தது, கறி வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு கோடையில் கனடாவில் இருந்து மச்சாள் வந்தாள். மனைவியின் தங்கச்சி. அந்த வருசம் தேர் வேண்டுமா என்றே கோயில் நிர்வாகத்தில் ஒரு பகுதி கேட்டது. சித்திரை, வைகாசி முழுக்கச் சனம் ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ரோட்டில் நின்றது. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பலருக்கு அப்போதும் தெரியாது. மேளக்கச்சேரி இல்லை, மின்விளக்குச் சோடனை இல்லை, தேர் மட்டும் ஓடட்டும் என்று கடைசியில் முடிவாயிற்று.

மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொரண்டோவில் இருந்து மேற்குக் கரைவரை பதினெட்டுச் சில்லு லொறி ஓட்டுகிறவள். அந்தக் கொம்பனியில் அந்த லொறியில் ஏறிய முதல் பொம்பிளை அவள்தான். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று பழக்குகிறவன் இவளுடைய உயரத்தைப் பார்த்துவிட்டு, சீற்றுக்குத் தலகாணி கொண்டுவந்தாயா என்று கேட்டானாம். இவள் அடுத்த நாள் தலகாணியோடு போனாள். அதில் ரோசாப்பூப் போட்ட உறை வேறு. இப்போதும் அதில்தான் இருந்து ஓட்டுகிறாள்.

ஒவ்வொரு வேலைக்கும் முதன்முதலாகப் போன பொம்பிளைகள் என்று கொஞ்சப் பேரைக் கூப்பிட்டு அங்கே ஒரு மண்டபத்தில் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை எங்கள் வீட்டில் காட்டினாள். இவளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு.

"இவ ஆர்?" என்று கேட்டேன்.

"இவ நிக்கல் சுரங்கத்துக்குள்ள முதல் இறங்கின பொம்பிளை அத்தான். பொம்பிளை இறங்கினா சுரங்கம் இடியும் எண்டு ஆம்பிளையள் வாசலில நிண்டு மறிச்சவங்களாம்."

"பேந்து? இடிஞ்சதோ?"

"அதைத்தான் நானும் கேட்டனான். இடியேல்லை, பாத்ரூம் கட்டினவங்கள் எண்டு சொன்னா. அதுவரைக்கும் ஆம்பிளையளுக்கும் உள்ளுக்குள்ள ஒழுங்கான பாத்ரூம் இல்லையாம்."

மற்றப் பக்கம் நின்றவள் வடக்கே பனிக்குள் சின்னப் பிளேன் ஓட்டுகிறவள். முதல் பயணத்தில் ஒரு கிழவன், விமானி வரட்டும், பிறகு ஏறுகிறேன் என்று கீழேயே நின்றானாம். அவள் பிளேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த பிளேன் நாலு நாள் கழித்து. அதையும் அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். கேடயம் கொடுக்கிற இடத்தில் மூன்று பேரும் பின்னுக்கு இருந்து, ஆம்பிளைகள் தங்களுக்கு என்னென்ன சொன்னார்கள் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரித்ததில், பேச்சாளர் இரண்டு முறை நிறுத்திப் பார்த்தாராம்.

மச்சாள் லண்டனுக்கு வந்தது எங்களைப் பார்க்க மட்டும் இல்லை. தேத்தண்ணி குடித்து முடியத்தான் சொன்னாள்.

போன மார்கழியில் ரொக்கி மலையில் ஏற்றம் ஒன்றில் லொறி பனியில் சறுக்கியிருக்கிறது. நடுப்பகல். பின்னால் ஐம்பது அடிப் பள்ளம். பிரேக்கை மிதிக்க மிதிக்க லொறி பின்னுக்குப் போகிறது.

"லொறி நிறைய உருளைக்கிழங்கு அத்தான். அம்மாளாச்சி, நான் போனாலும் பரவாயில்லை, இந்தக் கிழங்கு பள்ளத்துக்க போனா என்ர முதலாளி சிரிப்பான் எண்டு கும்பிட்டனான். டக்கெண்டு நிண்டுட்டுது. இறங்கிப் பாத்தா பின்சில்லுக்குக் கீழ ஒரு கல்லு. ஆரோ கொண்டுவந்து வைச்ச மாதிரி."

அந்த இடத்திலேயே நேர்ந்திருக்கிறாள். எனக்குக் கட்டை போட்டவளுக்கு நான் கட்டை போடுவேன், அவளின் தேரைப் பத்திரமாக இருப்பிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று. அக்காவின் புருஷன் லண்டனில் கட்டை போடுகிறவர் என்ற நினைப்பில்தான் அப்படி நேர்ந்ததாம். அடுத்த வருசம் லீவு கிடைக்குமோ தெரியாது, இந்த முறை விட்டால் நேர்த்தி தலையில் கிடக்கும் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கல்லைப் பற்றிச் சொல்லும்போது தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பொம்பிளையள் வடம் பிடிக்கிறவை. கட்டை போடுறேல்லை," என்றேன்.

என் மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு கட்டை. ஒரேயொரு கட்டை போடவிட ஏலாதோ? பேந்தென்ன நீங்கள் பெரிய கட்டைக்காரர்?"

முன்பு கறி வராமல் போன கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

கோயில் தலைவர் நல்ல மனுசன். கடை மூன்று வைத்திருக்கிறவர். பேசும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவார். கொடியேற்றத்துக்கு அடுத்த நாள் பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கிற இடத்தில் போய்ப் பிடித்து, லொறி ஓட்டுகிற மச்சாளின் நேர்த்தியைச் சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியாததோ? கட்டை போடுறவை மேலுக்கு ஒண்டும் போடாமல் நிக்கிறது முறை. பொம்பிளை எப்பிடி நிக்கிறது?"

"போன வருசம் எல்லாருக்கும் பாதுகாப்புக்கெண்டு மஞ்சள் ஜாக்கெட் மாட்டி விட்டனீங்கள். நான் அதோடதான் நிண்டனான். மின்னுற பட்டி எல்லாம் இருந்தது."

"அது கவுன்சில் சட்டம்."

"அப்ப அம்மனுக்கு ஜாக்கெட் பிரச்சினை இல்லை."

கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, சரித்திரத்தில இல்லாத விஷயம். நாளைக்கு ஏதும் நடந்தா என்னைத்தான் கேப்பினம். ஏலாது." கண்ணாடியை மாட்டினார். கதை முடிந்தது.

வீட்டுக்கு வரும் பஸ்சில் எனக்கு நல்ல கோபம். எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, யோசனைதான் வரும். பெற்றோல் செட்டில் பழகிய பழக்கம் அது.

தேர் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கவுன்சிலில் இருந்து பாதுகாப்புப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்தாள். ஒவ்வொரு வருசமும் யாராவது வருவார்கள். தலைவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார், நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு நிற்கிறவன் மாதிரி நிற்பேன். எல்லாம் சரி என்று போய்விடுவார்கள். அன்று தலைவருக்கு ஒரு போன் வந்தது. அவர் மண்டபத்துக்கு வெளியே போனார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்து, இதற்கு என்ன பயிற்சி எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

என் இங்கிலீசு பெற்றோல் செட் இங்கிலீசு. ஆனால் அன்று எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"நோ டிரெயினிங்," என்றேன்.

"பிரேக்?"

"நோ பிரேக்."

அவள் தேரை மேலிருந்து கீழ் பார்த்தாள். "ஸ்டியரிங்?"

"நோ ஸ்டியரிங். ஒன்லி அம்மன்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. அவள் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே இருந்தாள். தலைவர் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நல்ல மாதிரித்தான் சொன்னாள். ரோட்டுக்கு வரட்டும், ஆனால் சில்லுக்குப் பக்கத்தில் கனரக வாகனம் ஓட்டத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஒருத்தர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தேர் கோயில் கார் பார்க்குக்குள்ளேயே சுற்றலாம்.

அவள் போன பிறகு தலைவர் என்னிடம் வந்தார். "என்னண்ணை சொன்னனீங்கள் அந்தப் பிள்ளைக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னனான்."

தலைவர் மூன்று நாளாகப் போன் அடித்தார். லண்டனில் எங்கள் சனத்தில் மினிகாப் ஓட்டுகிறவர் எத்தனையோ பேர், வான் ஓட்டுகிறவர் எத்தனையோ பேர். பெரிய லொறி ஓட்டுகிறவரைத் தேடினால்தான் கஷ்டம். வட லண்டன் எட்மண்டனில் ஒருவர் இருந்தார், அவர் குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். ஜேர்மனியில் லொறி ஓட்டிவிட்டு இங்கே வந்த ஒருவர் பார்க்கிங் என்கிற ஊரில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவருக்கு வீட்டில் பிள்ளை பிறந்து துடக்கு, கோயிலுக்கு வர முடியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. தலைவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார்.

"தங்கச்சி கனடாவில லொறி ஓடுறவ எண்டு நீங்கள் சொன்னனீங்கள் என்ன."

"நானோ? எனக்கு ஞாபகம் இல்லையே தலைவர்."

என் மனைவி பின்னால் இருந்து என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

மச்சாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, நீங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில நிண்டாக் காணும். கவுன்சிலுக்குக் காட்டத்தான். கட்டையைத் தொடத் தேவையில்லை."

"தொடாமல் நிக்கிறதெண்டா நான் டொரண்டோவிலயே நிண்டிருப்பன் அண்ணை," என்றாள். "ஒரு திருப்பத்தில ஒரு கட்டை. அது என்ர நேர்த்தி. ஏலாதெண்டாச் சொல்லுங்கோ, நானும் அக்காவும் ஞாயிறு சவுத்எண்ட் கடற்கரைக்குப் போறம்."

தலைவர் வாழைப்பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சரி, ஒரு கட்டை என்றார்.

சனிக்கிழமை முழுக்க நான் மச்சாளுக்குச் சொன்னேன், தேர்க்கட்டை வேறு, லொறிக்கட்டை வேறு என்று. லொறி நின்ற பிறகு அசையாமல் இருக்கக் கட்டை வைக்கிறது. இது ஓடுகிற தேரைத் திருப்ப வைக்கிறது, சரித்து வைக்க வேண்டும். "ஓம் ஓம் அத்தான், எனக்குக் கட்டை வைக்கத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டு அவள் உளுந்து அரைக்க அக்காவுக்குக் கை கொடுத்தாள்.

ஞாயிறு நல்ல வெயில். மச்சாளுக்குச் சேலைக்கு மேல் மஞ்சள் ஜாக்கெட், காலில் கனடா பூட்ஸ். சில்லுக்குக் கீழே கால் போனால் என்ன ஆகும் என்று கவுன்சில் பிள்ளையே பூட்ஸ் போடச் சொன்னாள். எனக்கும் ஜாக்கெட், ஆனால் வெறுங்கால். பொம்பிளைகளின் வடம் இடப்பக்கம், ஆம்பிளைகளின் வடம் வலப்பக்கம். மச்சாளைக் கண்டதும் இடப்பக்கத்தில் ஒரு குசுகுசுப்பு ஓடியது.

"உவ ஆர், பொலிசோ?"

"பூட்ஸைப் பாருங்கோவன்."

"கட்டைக்காரரின்ர மச்சாள். லொறி ஓடுறவவாம்."

"உண்மையாவோ? அப்ப இண்டைக்குத் தேர் நேர கனடாவுக்குத்தான்."

முதல் திருப்பத்தை நான் செய்தேன். அழகாகத் திரும்பியது. இரண்டாவது, பெரிய ரோட்டுக்கு ஏறுகிற திருப்பம். மச்சாளுக்குக் கையைக் காட்டினேன். அவள் குனிந்தாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். கட்டையை வைத்தாள்.

நேரே வைத்தாள்.

தேர் டக்கென்று நின்றது. மேலே நின்ற ஐயர் அப்படியே குந்திவிட்டார். அம்மனின் தோளில் இருந்த ரோசாமாலை ஒன்று நழுவி அவருடைய கழுத்தில் விழுந்தது. வடம் பிடித்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். எதிரே வந்த சிவப்பு பஸ் நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. கட்டை சில்லுக்குக் கீழே இறுகிவிட்டது. நான் இழுத்தேன், மச்சாள் இழுத்தாள், உதவிக்கு வந்த ஒரு டாக்குத்தர் இழுத்துக் கையைச் சுளுக்கிக்கொண்டார்.

"ஒரு சாண் பின்னுக்கு எடுங்கோ, கட்டை வந்திடும்," என்றாள் மச்சாள்.

"தேர் பின்னுக்குப் போறதோ?" தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். "பிள்ளை, தேர் பின்னுக்குப் போன சரித்திரமே இல்லை. ஊருக்குக் கூடாது. அதுவும் இந்த வருசம்."

இந்த வருசம் என்றதும் பின்னுக்குத் தள்ள வந்தவர்கள் கையை எடுத்தார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பொலிஸ்காரர் வந்து எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். என் மனைவி வடத்தை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "அம்மாளாச்சியை நடுறோட்டில மறிச்சுப் போட்டியேடி." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மச்சாள் சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். நான் அவளைத் தேற்றுவதற்காக, "போட்டாச்சுத்தானே, நேர்த்தி முடிஞ்சுது, எழும்பு," என்றேன்.

"போடுறது மட்டுமில்லை அத்தான். இருப்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறன் எண்டு நேந்தனான்." கட்டையில் இருந்து கையை எடுக்கவில்லை. "மலையில அவ என்னை இப்பிடி விட்டிட்டுப் போகேல்லையே."

கட்டையின் உயரத்தை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு எழும்பி ஜாக்கெட்டைத் தட்டினாள். குரல் மாறிவிட்டது. லொறிக்காரக் குரல் என்று நினைக்கிறேன்.

"பின்னுக்கு ஏலாதெண்டா மேலால போவம். அத்தான், உங்கட கட்டையை மற்றச் சில்லுக்கு வையுங்கோ. நேர வையுங்கோ. ரெண்டு சில்லும் ஒரே நேரத்தில ஏறவேணும். இல்லாட்டிச் சரியும்."

என் வாழ்நாளில் தேர் ஓடுகிற வீதியில் நான் கட்டையை நேரே வைத்தது அன்றுதான். வைத்தேன். மச்சாள் முன்னால் போய் இரண்டு வடத்துக்கும் நடுவில் நின்றாள்.

"ஆம்பிளையள் குலுக்கி இழுக்கக் கூடாது. ஒரே இழுவை. பொம்பிளையள் எப்பிடி இழுக்கினமோ அப்பிடி இழுங்கோ. ஐயா, மேல நல்லாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

ஐயர் மாலையைக் கழற்றாமலே தூணைக் கட்டிப்பிடித்தார். மச்சாள் கையைத் தூக்கினாள். ஒருத்தரும் என் கையைப் பார்க்கவில்லை.

தேர் முனகியது. மெல்ல ஏறியது. அம்மன் எங்கள் எல்லாருக்கும் மேலே ஒரு விரற்கடை உயர்ந்து, ஒரு கணம் அப்படியே நின்று, இரண்டு சில்லும் ஒன்றாகத் தொம்மென்று அந்தப் பக்கம் இறங்கினாள். சனம் அரோகரா என்றது. முதல் பஸ்சின் டிரைவர், கறுப்பு இனத்துப் பெண், ஹோர்னை இரண்டு முறை அடித்தாள். பிறகு கதை கட்டினார்கள், அந்த நேரம் அம்மன் தலையாட்டினாள் என்று. ஆட்டியது உண்மைதான். தேர் தொம்மென்று விழுந்தால் யாருக்கும் தலை ஆடும்.

தலைவர் வேர்த்துப்போய் என் பக்கத்தில் வந்தார். "அண்ணை, இனிக் காணும். ஒரு கட்டை எண்டுதான் கதை. மிச்சத்தை நீங்கள் பாருங்கோ."

"அவ இருப்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறன் எண்டு நேந்தவவாம் தலைவர். எனக்கும் இப்பத்தான் ஞாபகம் வருது."

அவர் கண்ணாடியைக் கழற்றப் போன நேரம் பார்த்து, பொம்பிளைகளின் வடத்தில் இருந்து அவருடைய மனைவி விலகி வந்தார். பட்டுச்சேலை, கையில் காப்பு அடுக்கு, அதிர்ந்து பேசாத மனுசி. என்னிடம் கையை நீட்டினார்.

"அண்ணை, அந்தக் கட்டையை இஞ்ச தாங்கோ."

"நீ என்ன செய்யிறாய்?" என்றார் தலைவர்.

"எனக்கும் ஒரு நேர்த்தி இருக்கு."

"என்ன நேர்த்தி? எனக்குச் சொல்லேல்லையே."

"உங்களுக்கு நேரேல்லை. அம்மாளாச்சிக்கு நேந்தது."

மச்சாள் அவரைச் சில்லுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். "சரிச்சு வையுங்கோ அக்கா. நேர வைச்சிடாதேங்கோ, நான் வைச்சுப் பட்டது காணும்." அடுத்த திருப்பம் வந்தது. அந்த மனுசி குனிந்து சரித்து வைத்தார். தேர் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. தலைவர் முன்னால் போய், எல்லாம் தங்கள் ஒழுங்குப்படிதான் நடக்கிறது என்று பொலிஸ்காரருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நின்றார்.

அடுத்த திருப்பத்துக்கு என் மனைவி வந்தாள். நீ எப்போது நேர்ந்தாய் என்று கேட்டேன். இப்போதுதான் என்றாள்.

தேர் இருப்பிடத்தில் வந்து நிற்கும்வரை கட்டை திரும்ப என் கைக்கு வரவில்லை. மஞ்சள் ஜாக்கெட்டும் வெறுங்காலுமாக, கட்டை போட வரிசையில் நின்ற பொம்பிளைகளின் ஹாண்ட்பாக்குகளைத் தோளில் மாட்டிக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்து வந்தேன். அதில் ஒன்றுக்குள் யாருடையதோ போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.